வீடே சேர்ந்து போகும் கவுன்சிலிங்: குடும்பத் தெரபி எப்படி உதவுகிறது, யாரிடம் போவது?

கவுன்சிலிங் என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது ஒரு அறை, இரண்டு நாற்காலி. ஒருவர் மனம் விட்டுப் பேசுகிறார், எதிரில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். குடும்பத் தெரபி நடக்கும் அறையில் நாலைந்து நாற்காலிகள் கிடக்கும். அப்பா, அம்மா, பிள்ளைகள், வீட்டோடு இருக்கும் பாட்டி என்று அந்தப் பிரச்சினையில் யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறதோ, அது யாரையெல்லாம் வாட்டுகிறதோ அவர்கள் சேர்ந்து வருவார்கள், பேச்சும் எல்லோர் முன்னாலும்தான் நடக்கும். கேட்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் 10 நிமிடம் ஒன்றாக உட்கார்ந்தாலே வாக்குவாதம் கிளம்புகிறது, இதில் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் ஒரு மணி நேரம் என்ன பேசுவது என்று. போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அங்கே நடப்பது நாங்கள் பயந்த மாதிரியான பஞ்சாயத்தே இல்லை. யார் மேல் தப்பு என்ற கேள்வியை அவர்கள் கையிலேயே எடுப்பதில்லை. அதை எடுக்காமல் வேறு எதை எடுக்கிறார்கள் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு கதவும் ஒரு வட்டமும்

16 வயதுப் பையன் ஒருவன். பள்ளியிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். அம்மா கால் மணிக்கு ஒரு தடவை தட்டுகிறார், "என்னடா பண்ற, சாப்பிட வரலையா?" மூன்றாவது தட்டலில் அவன் உள்ளிருந்து எரிந்து விழுகிறான். அந்தச் சத்தம் கேட்டு அப்பா எழுந்து வருகிறார். "அம்மாகிட்ட இப்படித்தான் பேசுவியா?" என்று கத்திவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொள்கிறார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அந்தப் போனை எடுத்துப் பையனிடமே கொடுத்துவிடுகிறார். காலையில் அப்பாவுக்கு அது தெரிகிறது. தன் பேச்சுக்கு இந்த வீட்டில் மரியாதையே இல்லை என்று நினைத்து அன்றைக்கு மாலை இன்னும் கடுமையாக நடந்துகொள்கிறார். பையன் இன்னும் சீக்கிரமாகக் கதவைச் சாத்துகிறான்.

இதை யாரிடம் சொன்னாலும் தீர்ப்பு ரெடியாக இருக்கும். பையன் கெட்டுப்போய்விட்டான் என்பார்கள், அம்மா கொடுக்கும் செல்லம் என்பார்கள், அப்பாவுக்குப் பேசவே தெரியவில்லை என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மூன்றையும் வைத்துக்கொண்டு அடுத்த நாள் மாலை என்ன செய்வது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. குடும்பத் தெரபிஸ்ட் பார்ப்பது அந்தச் சுற்றை. கதவு, தட்டல், கத்தல், பிடுங்கல், திருப்பிக் கொடுத்தல், மறுபடி கதவு. இதில் ஒவ்வொருவரும் செய்வது அவரவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான காரியம்தான். அம்மா தட்டுவது கவலையில், அப்பா கத்துவது அம்மாவுக்குப் பரிந்து, பையன் கதவைச் சாத்துவது சத்தத்திலிருந்து தப்பிக்க. மூன்று நியாயங்களும் சேர்ந்து ஒன்றையொன்று முடுக்கிவிட்டுக்கொண்டே இருக்கின்றன, எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் வட்டத்தின் வெவ்வேறு இடத்தைக் காட்டுவார்கள்.

வட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, எந்த இடத்தில் அறுத்தாலும் அது நிற்கும். பையன் முதலில் திருந்தட்டும் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. போனை எப்போது வாங்குவது, எப்போது கொடுப்பது என்பதை அப்பாவும் அம்மாவும் மட்டும் தனியாகப் பேசி ஒரே முடிவுக்கு வந்தாலே ராத்திரியில் நடக்கும் அந்த ரகசிய வேலை நின்றுபோகும், அது நின்றால் காலையில் அப்பாவின் கோபத்துக்கு வேலை இல்லை. குடும்பத் தெரபிஸ்ட் தேடுவது இப்படி எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு முடிச்சை.

இந்தத் துறையில் இன்னொரு பார்வையும் உண்டு. வீட்டில் யாரைப் "பிரச்சினை" என்று எல்லோரும் கை காட்டுகிறார்களோ அவர் பல நேரம் வீட்டின் அழுத்தத்தைத் தன் உடம்பில், தன் நடத்தையில் தாங்கிக்கொண்டிருப்பவராக இருப்பார், ஒரு இடிதாங்கி மாதிரி. அதற்காக எல்லா மனநோய்க்கும் குடும்பம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அந்தத் தப்பை இந்தத் துறையே ஒரு காலத்தில் செய்தது.

இது எங்கிருந்து வந்தது

1940களிலும் 50களிலும் மனநல மருத்துவத்தில் நோயாளியை மட்டும் தனியாகப் பார்ப்பதுதான் வழக்கம், குடும்பத்தை உள்ளே விடவே மாட்டார்கள். ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற கடுமையான மனநோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்தும் அப்போது பரவியது. ஃப்ரீடா ஃப்ரொம் ரைக்மன் என்ற மருத்துவர் 1948இல் அப்படிப்பட்ட தாய்க்கென்று ஒரு பெயரே வைத்தார். அந்தக் கருத்து பிறகு தவறென்று கைவிடப்பட்டது, ஆனால் அதற்குள் எத்தனையோ அம்மாக்கள் தன் பிள்ளையின் நோய்க்குத் தானே காரணம் என்ற பழியைச் சுமந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஒரு தெரபிஸ்ட் முதல் நாளே "இது எல்லாம் உங்க வளர்ப்பு" என்று ஆரம்பித்தால், அவர் 70 வருடம் பின்தங்கியிருக்கிறார் என்று பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

அதே காலத்தில்தான் வேறு விதமாக யோசித்தவர்களும் வந்தார்கள். கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ என்ற ஊரில் கிரகரி பேட்சன் என்ற மானுடவியலாளரும் அவருடைய குழுவும் குடும்பங்கள் பேசிக்கொள்ளும் விதத்தைக் கவனித்து 1956இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாய் ஒன்று சொல்லும், உடம்பு வேறு சொல்லும், எதன்படி நடந்தாலும் தப்பாகப்போகும், அப்படிப்பட்ட இரண்டு பக்கமும் கட்டிப்போடும் சிக்கலில் மாட்டிக்கொள்வதைப் பற்றியது அது. அதுதான் நோய்க்குக் காரணம் என்று அவர்கள் நினைத்தது நிற்கவில்லை. ஆனால் பேச்சின் உள்ளடக்கத்தைவிடப் பேச்சு போகும் வழியைக் கவனி என்ற பாடம் நின்றுவிட்டது. மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் 1954 முதல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார், நோயாளிகளோடு முதலில் அவர்களுடைய அம்மாக்களை, பிறகு குடும்பத்தையே வார்டில் வந்து தங்கச் சொன்னார். கூட இருந்து பார்த்ததில் அவருக்குக் கிடைத்தவற்றில் எனக்கு ரொம்பப் பயன்பட்டது முக்கோணம். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் அதிகமானால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்பார் அவர். கணவனிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லிப் புலம்புவது, தம்பியிடம் கேட்க வேண்டியதை அம்மா மூலமாகக் கேட்பது. கொஞ்ச நேரத்துக்கு நெஞ்சு லேசாகும், விஷயம் அங்கேயே கிடக்கும், நடுவில் மாட்டிய மூன்றாவது ஆள்தான் தேய்ந்துபோவார். இதைப் படித்ததும் உங்களுக்கு யாராவது நினைவுக்கு வந்தால், அது நீங்களாகவே இருந்தால், ஆச்சரியமில்லை.

அர்ஜென்டினாவில் பிறந்த சால்வடோர் மினுச்சின் ஃபிலடெல்ஃபியாவில் எல்லைகளைப் பற்றிப் பேசினார். சில வீடுகளில் யாருக்கும் தனி இடமே இருக்காது, ஒருவருக்குத் தலைவலி வந்தால் நாலு பேர் முனகுவார்கள். சில வீடுகளில் ஒருவர் ஒரு வாரம் அழுதாலும் பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டுமே கஷ்டம்தான், நடுவில் ஓரிடம் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. சாப்பிட மறுக்கும் நோய் உள்ள பிள்ளைகளின் குடும்பத்தோடு சிகிச்சை அறையிலேயே மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவார், வீட்டில் சாப்பாட்டு வேளையில் நடக்கும் போராட்டம் அப்படியே கண் முன்னால் நடக்கும், அங்கேயே அதைத் திருப்ப முயல்வார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்த மைக்கேல் ஒயிட் வேறு ஒரு வழி கண்டார், பிரச்சினையை ஆளிடமிருந்து பிரித்து வெளியே நிறுத்துவது. "இவன் கோபக்காரன்" என்பதற்குப் பதிலாக "கோபம் இந்த வீட்டுக்குள்ள எப்போ வருது, வந்தா யாரை எல்லாம் ஆட்டி வைக்குது, அது வர முடியாத நாள் எப்படி இருந்தது?" என்று கேட்பார். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் அதுவரை ஒருவருக்கொருவர் எதிரே நின்றவர்கள் ஒரு பக்கம் சேர்ந்து நின்று அந்தக் கோபத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அறைக்குள் என்ன நடக்கும்

வழக்கமாக ஒரு அமர்வு 60 முதல் 90 நிமிடம். முதல் அமர்வில் தெரபிஸ்ட் பெரிதாக எதையும் சரிசெய்ய மாட்டார். யார் எங்கே உட்காருகிறார்கள், யார் பேசும்போது யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொஞ்சம் பேசுவார். இன்றைக்கு எதற்காக வந்திருக்கிறோம் என்று உனக்குத் தோன்றுகிறது என்று வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லோரிடமும் கேட்பார். ஒரே வீட்டிலிருந்து நாலு பதில் வரும். அதைக் கேட்கும்போதே ஒரு திகைப்பு.

பிறகு வரும் கேள்விகளில்தான் வித்தை இருக்கிறது. மாரா செல்வினி பலாசோலி தலைமையில் இத்தாலியின் மிலான் நகரத்தில் இயங்கிய குழு வளர்த்தெடுத்த ஒரு முறை உண்டு, ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பது. மேலே சொன்ன குடும்பத்தில் 10 வயதுத் தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது தெரபிஸ்ட் அவள் பக்கம் திரும்புகிறார்.

"அண்ணன் கதவைச் சாத்தினதும் வீட்ல முதல்ல யார் எழுந்திரிப்பாங்க?"

"அம்மா. அப்புறம் பாட்டி டிவி சத்தத்தைக் கூட்டிடுவாங்க."

"நீ என்ன பண்ணுவ?"

"நான் குளிக்கப் போயிடுவேன். தண்ணியத் திறந்து விட்டா எதுவும் கேக்காது."

அப்பா அந்தப் பதிலை முதல் தடவையாகக் கேட்கிறார். தான் பையனைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மகள் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, உபதேசமும் இல்லை. ஆனால் அவர் பார்க்கும் காட்சி மாறிவிட்டது.

இது தவிர இன்னும் சில வேலைகள் நடக்கும். சிலர் குடும்ப வரைபடம் ஒன்று போடுவார்கள், ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், மூன்று தலைமுறை வரைக்கும், யார் யாரோடு நெருக்கம், யார் யாரோடு பேச்சில்லை என்பதற்கெல்லாம் தனித்தனிக் கோடு. சண்டைக்கு வளைந்து நெளிந்து போகும் கோடு. அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போது தாத்தாவும் அப்பாவும் பேசாமல் இருந்த அதே வயதில் அப்பாவும் மகனும் பேசாமல் இருக்கிறார்கள் என்பது போல எதாவது ஒன்று கண்ணில் படும். சிலர் பேச்சை நிறுத்தி, "இதை என்கிட்டச் சொல்லாதீங்க, அவரைப் பார்த்துச் சொல்லுங்க" என்று திருப்பிவிடுவார்கள். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, நேராகப் பார்த்துச் சொல்வது. "0லிருந்து 10க்குள் இந்த வாரம் வீட்டு நிலைமைக்கு எவ்வளவு தருவீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. 3 என்று சொன்னால், ஏன் 2 இல்லை என்று கேட்பார்கள், அப்போதுதான் அந்த வாரத்தில் நடந்த ஒரு நல்ல விஷயம் நினைவுக்கு வரும். வீட்டில் செய்து பார்க்கச் சின்ன வேலைகளும் தருவார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் சில அமர்வுகளுக்குப் பிறகு வீட்டில் சண்டை கூடலாம். அதுவரை மூடி வைத்திருந்தது திறந்ததால் வருவது அது, பலருக்கும் நடப்பதுதான். அமர்வு முடிந்து திரும்பும் வழியில் "அங்க போய் என்னைப் பத்தி அப்படிச் சொல்லிட்ட இல்ல?" என்று ஆரம்பிக்காமல் இருப்பது என்று முதல் நாளே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு விதி இல்லாமல் போயிருந்தால் இரண்டாவது அமர்வே நடந்திருக்காது.

எதற்கெல்லாம் உதவும், எப்போது வேண்டாம்

வளரும் பிள்ளைகளோடு ஓயாத மோதல், பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தை, விவாகரத்துக்குப் பிறகு பிள்ளைகளை இரண்டு வீட்டில் வளர்ப்பது, மறுமணத்தில் சேர்ந்த புதுக் குடும்பம், வயதான பெற்றோரை யார் பார்ப்பது என்று பிரிந்து நிற்கும் அண்ணன் தம்பிகள், ஒரு சாவுக்குப் பிறகு யாரும் யாரிடமும் பேசாத வீடு, இதெல்லாம் வழக்கமாக வருபவை. நீண்டகால நோய் ஒருவருக்கு இருக்கும்போது மற்றவர்கள் எப்படி வாழ்வது என்பதும்.

நிறைய ஆராய்ச்சி நடந்திருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, ஸ்கிட்ஸோஃப்ரினியா. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950களின் இறுதியிலிருந்து செய்த ஆய்வுகளில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் குறை சொல்லும் பேச்சும் அளவுக்கு மீறிய தலையீடும் அதிகமுள்ள வீட்டுக்குப் போனவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகமாக இருந்தது. குடும்பம் நோயை உண்டாக்கியது என்று இதற்குப் பொருள் இல்லை, பயந்தும் களைத்தும் போன வீட்டில் பேச்சு அப்படித்தான் ஆகும். பிறகு அந்தக் குடும்பங்களுக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, சூடு தணிந்து பேசும் வழிகளைப் பழக்கியபோது நோய் திரும்புவது குறைந்தது, வெவ்வேறு நாடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மருந்தோடு சேர்த்துத்தான், மருந்துக்குப் பதிலாக இல்லை. இரண்டாவது, அனொரெக்ஸியா என்னும் சாப்பிட மறுக்கும் நோய். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையில், பெற்றோரை ஒதுக்கி வைக்காமல் அவர்கள் கையிலேயே முதலில் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுப்பார்கள், எடை ஏறிய பிறகு மெல்ல மெல்லப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பார்கள். வளரிளம் பருவத்தில் வரும் இந்த நோய்க்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளில் இது ஒன்று.

சரி, எப்போது சேர்ந்து போகக் கூடாது? வீட்டில் அடி உதை இருந்தால், ஒருவர் இன்னொருவருக்குப் பயந்து வாழ்ந்தால். அறைக்குள் சொன்ன உண்மைக்கு வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்றால் அங்கே யாரால் உண்மை பேச முடியும்? இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம், அது இங்கே பொருந்தவே பொருந்தாது. அடிப்பவர்தான் அடிக்குப் பொறுப்பு. அடிபடுபவர் முதலில் தனியாக ஒருவரைப் பார்த்துப் பாதுகாப்புக்கு வழி செய்துகொள்ள வேண்டும். நல்ல தெரபிஸ்ட் இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆரம்பத்தில் ஒவ்வொருவரையும் தனியாகவும் சில நிமிடம் பார்ப்பார். அதேபோல, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வீட்டில் எழுந்துவிட்டால் அமர்வுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே அவசர சிகிச்சைக்கோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போய்விடுங்கள்.

ஆளைத் தேடுவது

இங்கேதான் நாங்கள் முதலில் சறுக்கினோம். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, அம்மாவுக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஆலோசகரிடம் மூன்று பேரும் போனோம். கால் மணி நேரத்துக்குள் அவர் தம்பியைப் பார்த்து, "இந்த வயசுல அம்மாவைக் கஷ்டப்படுத்தலாமா?" என்றார். அம்மாவுக்கு அப்போது ஆறுதலாக இருந்திருக்கும். தம்பி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை, அடுத்த ஆறு மாதத்துக்குக் கவுன்சிலிங் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. ரொம்ப நாள் கழித்துப் பார்த்த இரண்டாவது தெரபிஸ்ட் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார், "அப்பா இருந்தப்போ இவங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா யார் நிறுத்துவாங்க?" மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாதான். எதாவது ஒரு சாக்கு சொல்லித் தம்பியை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் போன பிறகு அந்த வேலையைச் செய்ய ஆளில்லை என்பதும், வேறு ஊரில் இருந்த நான் அதைப் போனிலேயே செய்ய முயன்று இரண்டு பேரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் பயிற்சி. தனி ஆளைப் பார்க்கப் பயின்ற ஒருவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் நாலு பேரை ஒரே நேரத்தில் கையாள்வது வேறு கலை. அதனால் முதல் கேள்வியே, "குடும்பங்களோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, எங்கே, எவ்வளவு காலம்?" என்பதாக இருக்கட்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நல்லவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். பட்டத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் திருமண, குடும்பத் தெரபிஸ்டுக்கு என்று தனி உரிமம் இருக்கிறது, பிரிட்டனில் சைக்கோதெரபிஸ்ட் என்ற பட்டத்துக்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது, இப்படி நாட்டுக்கு நாடு மாறும். பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார் என்று கேட்டு அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

தேட ஆரம்பிக்க நல்ல இடங்கள், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், மருத்துவமனையின் மனநலப் பிரிவு, பிள்ளையின் பள்ளி ஆலோசகர், தெரபிஸ்டுகளின் தொழில் சங்கங்கள் வைத்திருக்கும் பட்டியல். பணம் பெரிய கவலை என்றால் உளவியல், சமூகப்பணி படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களில் பயிற்சி மையங்கள் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். அங்கே மாணவர்கள்தான் பார்ப்பார்கள் என்றாலும் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை இருக்கும், கட்டணம் குறைவு.

போனில் பேசும்போது இன்னும் இரண்டு விஷயம் கேட்டாக வேண்டும். ஒன்று, ரகசியம். வீட்டில் ஒருவர் தனியாகச் சொல்வதை மற்றவர்களிடமிருந்து மறைத்து வைப்பாரா, இல்லை, எல்லாமே எல்லோருக்கும் பொதுவா? தெரபிஸ்டுக்குத் தெரபிஸ்ட் கொள்கை மாறும், இரண்டிலும் நியாயம் உண்டு, ஆனால் அது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் ரகசியத்தை மீற வேண்டிவரும் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். இரண்டாவது, மொழி. நீங்கள் சண்டை போடும் மொழி எதுவோ அது அவருக்குத் தெரிய வேண்டும். வேறு மொழி பேசும் நாட்டில் வாழும் குடும்பங்களில் இது பெரிய விஷயம், பெற்றோருக்கு ஒரு மொழி, பிள்ளைகளுக்கு ஒரு மொழி. அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றி அம்மா சொல்லும் புகாரைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஆன்லைனில் தேடினால் நம் மொழி பேசுபவர் தூரத்தில் இருந்தாலும் கிடைப்பார், ஆனால் நீங்கள் இருக்கும் நாட்டில் சிகிச்சை தர அவருக்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோ அமர்வில் எல்லோர் முகமும் தெரிய வேண்டும், ஒரே போனைக் கையில் மாற்றி மாற்றிப் பிடிப்பது சரிவராது.

முதல் அமர்வு முடிந்து வெளியே வந்ததும் வீட்டில் குறைவாகப் பேசும் ஆளிடம் கேளுங்கள், "உன் பக்கம் அவருக்குப் புரிஞ்ச மாதிரி இருந்ததா?" அந்த ஆள் ஆமாம் என்றால் அவரிடமே தொடரலாம். நமக்குப் பிடித்ததா என்பதைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் முதலில் வராமல் நின்றுபோவது அந்த ஆள்தான்.

ஒருவர் வர மறுத்தால்

பெரும்பாலும் மறுப்பார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போங்க" என்பது உலகம் முழுக்க ஒரே வசனம்தான் போல. அவர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது, அங்கே போனால் எல்லோரும் சேர்ந்து தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள் என்ற பயம். "உன்னைச் சரி பண்ணத்தான்" என்ற வாடை கொஞ்சம் அடித்தாலும் வர மாட்டார். தம்பியிடம் இரண்டாவது தடவை கேட்டபோது அம்மா சொன்னது இது: "உன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியல. கத்துக்கலாம்னு போறேன். நீ கூட வந்தா நான் தப்பாச் சொல்ற இடத்துல நீ சொல்லலாம்." அவன் உடனே சரி என்று சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்து எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான். ஒரே ஒரு தடவை வந்து பார், பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த மாட்டோம் என்று சொல்லி, அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் தயாராக இருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் வரத் தயாராக இருப்பவர்களோடு ஆரம்பித்துவிடலாம். ஒருவர் மட்டும் போனாலும் பயன் உண்டு என்று போவன் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார், வட்டத்தில் ஒரு ஆள் தன் பங்கை மாற்றினாலே மற்றவர்கள் பழையபடி நடக்க முடியாமல் போகும். அம்மா மூன்றாவது தடவை கதவைத் தட்டாமல் இருந்தால் அப்பா எழுந்து வர அங்கே சத்தம் இல்லை.

எவ்வளவு நாள்?

குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். முதலில் வாரம் ஒரு முறை, அப்புறம் 2 வாரத்துக்கு ஒரு முறை என்று போகும். பல முறைகள் சுருக்கமானவை, மிலான் குழுவினர் மாதத்துக்கு ஒன்றாக 10 அமர்வுகள் போலத்தான் வைத்தார்கள், மாட்ஸ்லி முறை 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை போகும். 4, 5 அமர்வுக்குப் பிறகும் ஒன்றும் நகரவில்லை என்று பட்டால் மனதுக்குள் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள், அவரிடமே சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் அதைக் கேட்டு வழியை மாற்றுவார், இல்லையென்றால் வேறு ஒருவரைச் சொல்லி அனுப்புவார்.

எங்களுக்கு 9 அமர்வுகள் ஆயின. அம்மாவும் தம்பியும் இப்போதும் சண்டை போடுகிறார்கள். சண்டை ஏறும்போது யாராவது ஒருவர் "வெளிய போய்ட்டு வரேன்" என்று சொல்லலாம், மற்றவர் தடுக்கக் கூடாது, அரை மணியில் திரும்பி வந்துவிட வேண்டும் என்று கடைசி அமர்வில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொண்ட காகிதம் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. போன மாதம் அப்படி வெளியே போனது அம்மா.